பார்தோஜெய் என்கிற குடும்பப் பெயர்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எங்கள் விழுப்புரம் பேருந்து நிற்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் போலந்துக்காரர் என் குடும்பப் பெயரைக் கேட்கிறார். எங்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் என்கிறேன். அவருடையது பார்தோஜெய். காட்டு மரங்களைக் குடைந்து தேனீக்களுக்குக் கூடு செய்தவர்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்களாம். அவர் வம்சத்தில் அந்தப் பெயரோடு மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரே மகள் கல்யாணமானதும் கணவர் பெயருக்கு மாறிவிட்டாள். இப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

ஜன்னலுக்கு வெளியே அவித்த வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று கூவி விற்கும் அக்கா, "இன்னா தம்பி, அவரு மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்கிறார். விவரம் சொல்கிறேன்.

"இதுக்கா பேஜாரு? எங்க மாமனார் பேருதான் என் பெரிய புள்ளைக்கு. பொறக்கற பேரனுக்கு அந்தப் பேரையே வெக்கச் சொல்லு."

மொழிபெயர்க்கிறேன். அவர் ஊரில் குடும்பப் பெயரை யாரும் குழந்தைக்கு வைப்பதில்லையாம். ஆனாலும் யோசிக்கிறார். பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வது என்று கேட்கச் சொல்கிறார்.

"தேன்மொழின்னு வெக்கட்டும். தேன்கூட்டு வம்சந்தானே?"

அர்த்தம் சொன்னதும் அவர் கைபேசியில் மகளை அழைக்கிறார். பேருந்து கிளம்புகிறது. அவர் போலந்து மொழியில் பேசுவது எனக்குப் புரியவில்லை; நடுவில் தேன்மொழி மட்டும் இரண்டு முறை கேட்கிறது.