தம்பியின் இடது தொடை

என் தம்பி நானூறு மீட்டர் ஓடுகிறவன். மைதானத்தை முழுதாக ஒரு சுற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாத விஷயம். அந்த ஒரு நிமிஷத்துக்காக எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாகச் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் மாறிக் கிடந்தன. எங்கள் அத்தா, அதாவது அப்பா, பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வேலை வேலப்பன்சாவடியில், ஒரு கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் ஏறக்குறைய ஒரே சாலையில்தான் இருந்தோம். தம்பி மட்டும்தான் ஓடிக்கொண்டே இருந்தான்.

அவன் முதன்முறையாக இந்திய அணியில் தனி ஓட்டத்துக்குத் தேர்வான வருஷம் அது. கிழக்கே ஒரு நாட்டில் சர்வதேசத் தடகளப் போட்டி. செய்தி வந்த மறுநாளே அத்தாவின் கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஒரு பெரிய ஃபிளெக்ஸ் அடித்துச் சாலையோரம் கட்டிவிட்டார். தம்பி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். கீழே அந்த அண்ணனின் படம், தம்பியின் படத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

ஃபிளெக்ஸ் கட்டிய அதே வாரத்தில் ஒரு நாள் காலையில் நான் வார்டு முடித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தபோது, வெளி நோயாளிகள் வரிசையில் தொப்பி போட்ட ஒருத்தன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் கழுத்துவலி அம்மா, மறுபக்கம் முழங்கால் மாற்றிய பெரியவர். நடுவில் என் தம்பி.

"இன்னாடா இங்க?"

"சும்மாதான் க்கா. உன்னப் பார்த்து நாளாச்சேன்னு."

என்னைப் பார்க்க என்று அவன் என் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எழுந்து நின்றபோது இடது காலில் எடையை வைக்காமல் ஒரு கணம் தயங்கினான்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு அவனைக் குப்புறப் படுக்க வைத்தேன். தொடையின் பின்பக்கத் தசைக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். வேகமாக ஓடுகிறவர்களுக்கு முதலில் போவது அதுதான். விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் அவன் முதுகு விறைத்தது.

"எப்போ?"

"முந்தாநாள். வளைவுல ஓடும்போது சுருக்குன்னுச்சு. உடனே நிறுத்திட்டேன்."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"இன்னிக்கே சொல்லணும். சொல்லாம நான் கைய வைக்க மாட்டேன்."

"சொல்றேன் க்கா. ஆனா அம்மாவுக்கு வேணாம். சத்தியமா வேணாம். அம்மா தூங்கவே மாட்டாங்க, உனக்கே தெரியும்."

அது எனக்குத் தெரியும். அவன் வெளியூர்ப் போட்டிக்கு ரயில் ஏறினாலே அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். அத்தாவிடம் சொன்னால் அது அம்மாவிடம் சொன்னது மாதிரிதான். அதனால் வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக அது ஆயிற்று. அவன் அன்று மாலையே பயிற்சியாளரிடம் சொன்னான். நானும் அவரிடம் போனில் பேசினேன். அணியின் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கிழிந்தது கொஞ்சம்தான், நாள் இருக்கிறது, பொறுமையாகத் தேற்றினால் ஓடலாம் என்றார்.

அதற்குப் பிறகு தினமும் அதிகாலையில் என் வேலை தொடங்குவதற்கு முன்னால் அவன் வந்துவிடுவான். முதலில் படுத்தபடி இடுப்பைத் தூக்கி இறக்குவது. பிறகு குதிகாலுக்குக் கீழே துண்டைப் போட்டு மெதுவாக வழுக்கி நீட்டுவது. பிறகு நடை, பிறகு சிறு ஓட்டம். அவன் அலுத்துக்கொள்ளவில்லை. எதைச் சொன்னாலும் செய்தான். எப்போதும் வாயாடுகிறவன் அவ்வளவு அமைதியாகச் சொன்னதைக் கேட்டது எனக்கு இன்னும் கலக்கத்தைக் கொடுத்தது.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் எங்கள் கல்லூரி மைதானத்தில் முழு வேகத்தில் ஓட வைத்துப் பார்த்தோம். பயிற்சியாளரும் வந்திருந்தார். தம்பி வளைவைச் சுற்றி வந்தான். ஓட்டம் அழகாகத்தான் இருந்தது. நின்றதும் தொடையைத் தட்டிக் காட்டி, "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்றான். டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார். நானும் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தசையைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. களைப்பில்லாதபோது அது தாங்கிவிடும். கடைசி நூறு மீட்டரில், உடம்பு ஓய்ந்த பிறகும் மனசு காலை முன்னால் எறியச் சொல்லும்போதுதான் அறுந்து போகும். அந்தக் களைப்பை எந்தப் பரிசோதனையிலும் கொண்டுவர முடியாது. பந்தயத்தில்தான் தெரியும். இதை யாரிடம் சொல்வது? அவனிடம் சொன்னால் பயந்து ஓடுவான். பயந்து ஓடுகிறவன் கால் இன்னும் சீக்கிரம் போகும்.

விமான நிலையத்துக்குள் நுழையும்போது அம்மா அவன் நெற்றியில் முத்தம் கொடுத்து, பிரார்த்தனையாக துஆ ஓதி ஊதினாள். நான் அவன் தொடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் சுற்று இங்கே விடிந்த கொஞ்ச நேரத்தில் நடந்தது. என் வீட்டுச் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன். அவன் தேவையான அளவுக்கு மட்டும் ஓடி, மூன்றாவதாக வந்து அரையிறுதிக்குப் போய்விட்டான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்ததை என் கணவர் வந்து சொன்ன பிறகுதான் கவனித்தேன். "ஜெயிச்சாச்சே, இன்னும் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். அவருக்கும் தெரியாது. தூக்கம் வரவில்லை, அதான் என்றேன். அரை உண்மை.

மறுநாள் அரையிறுதி. அங்கே மாலை, இங்கே நல்ல மதிய வெயில். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பூந்தமல்லி போனேன். அத்தாவின் கடையில் கூட்டம். செல்போன் கடை அண்ணன் தன் கடை டிவியையே தூக்கிக்கொண்டு வந்து, போனோடு இணைத்து, தலையணை அடுக்குக்கு மேலே வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள் மேல் தெருக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாராவது அசைந்தால் மொறுமொறுவென்று சத்தம். அம்மா கதவோரம் நாற்காலியில். அத்தா மட்டும் உட்காரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஏற்கெனவே சரியாக இருந்த போர்வைகளை மறுபடி மறுபடி மடித்தார்.

"பாய், ஒக்காருங்க பாய். நம்ம பையன் பூந்து அடிக்கப் போறான்" என்றார் அண்ணன்.

தம்பிக்கு எட்டாவது பாதை. வெளியோரம். அங்கே ஓடுகிறவனுக்கு முன்னால் யாரும் தெரிய மாட்டார்கள், எல்லாரும் பின்னால்தான். பெயரைச் சொன்னபோது அவன் கேமராவைப் பார்த்துக் கையைக் கூப்பினான். கடையே கத்தியது. நான் அவன் குனிந்து காலைக் கிளம்பும் கட்டையில் வைக்கும் விதத்தைப் பார்த்தேன். இடது கால் முன்னால்.

துப்பாக்கி வெடித்தது. உடனே இன்னொரு முறையும் வெடித்தது. யாரோ முந்திக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்படிக் கிளம்பினால் எச்சரிக்கையெல்லாம் கிடையாது, வெளியேற வேண்டியதுதான். ஓர் அதிகாரி சிவப்பு அட்டையோடு நடந்து வந்தார். எட்டாவது பாதைப் பக்கம் வருவது போலிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். "யாரு? நம்மளா?" அவர் ஆறாவது பாதையில் நின்று அட்டையை நீட்டினார். அந்தப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு போனான். எங்கள் கடையில் யாரும் சந்தோஷப்படவில்லை. அவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும்.

மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை சுத்தமாக. தம்பி முதல் வளைவில் பறந்தான். நான் பார்த்ததிலேயே அவ்வளவு வேகமாக அவன் போனதில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டில் அவன்தான் முன்னால். "போ நைனா, போ!" என்று அண்ணன் மெத்தை மேல் ஏறி நின்றுவிட்டார். எனக்கு மட்டும் வேண்டாம், இவ்வளவு வேகம் வேண்டாம் என்று உள்ளே அடித்துக்கொண்டது. இரண்டாவது வளைவு முடிந்து கடைசி நேர்கோட்டுக்குள் வந்தபோது அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் தோள் மேலேறியது. காலடியின் நீளம் குறைந்தது.

அப்போது படம் நின்றுவிட்டது.

நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ டிவியைத் தட்டினார்கள். "ஏய், கைய வெக்காத" என்று அண்ணன் போனைப் பிடுங்கினார். படம் திரும்ப வந்தபோது பந்தயம் முடிந்திருந்தது. ஜெயித்தவன் முகம்தான் திரை முழுக்க. அவனுக்குப் பின்னால், மங்கலாக, தம்பி குனிந்து நின்றுகொண்டிருந்தான். இடது கை தொடையில் இருந்தது. தொடையை எதற்கோ பிடித்து இழுத்தான். முகத்தைச் சுளித்தான். அதோடு கேமரா திரும்பிவிட்டது.

ஆறாவது இடம் என்று எழுத்து வந்தது.

பிறகு ஒவ்வொருவராக, "பரவால்ல பாய், இவ்ளோ தூரம் போனதே பெருசு" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அத்தா எல்லாருக்கும் தலையாட்டினார். நான் வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பயிற்சியாளருக்குப் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. சாலையில் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாகப் போயின. என் கண்ணில் அந்தக் கைதான் நின்றது. முழுதாக அறுந்திருந்தால் அறுவைச் சிகிச்சை. பிறகு ஒரு வருஷம். பிறகு ஓடுவானா? அவனைச் சரி என்று அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "எதுக்கு இப்படிப் பதறுற? தோத்தா தோத்துட்டுப் போறான்."

அப்போதும் நான் சொல்லவில்லை. மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"க்கா."

"கால் எப்படி இருக்கு? நடக்க முடியுதா? ஐஸ் வெச்சாங்களா?"

"கால் நல்லாத்தான் கீது."

"பொய் சொல்லாத. தொடையப் பிடிச்சியே, பார்த்தேன்."

"அதுவா? டிராயர்ல பாதை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க க்கா. அத உரிச்சேன். முடியோட வந்துச்சு, எரிச்சல்" என்றான்.

நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நான் தோத்துட்டேன் க்கா. நீ சிரிக்கிற."

அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. "ஆரம்பத்துலயே எல்லாத்தையும் எறிஞ்சிட்டேன்" என்றான். "முன்னாடி யாருமே தெரியல. பின்னால வந்துகினு இருக்காங்கன்னு பயம். நூறு மீட்டர் மிச்சம் இருக்கும்போது உடம்புல ஒண்ணுமே இல்ல." அங்கே ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அழுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய துக்கமும் என்னுடைய நிம்மதியும் ஒரே நேரத்தில் அந்தப் போனுக்குள் இருந்தன. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

நான் போனை வைத்தபோது அம்மா இன்னும் அங்கேயே நின்றாள். நான் பேசியது முழுவதையும் கேட்டிருந்தாள்.

"காலுக்கு இன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, தினமும் காலைப் பயிற்சி, ஸ்கேன், எல்லாம். அம்மா கத்தவில்லை. "நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன் இந்த ஊட்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அத்தா போர்வையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தனியா எப்படிம்மா தாங்குன?" என்றார். எனக்கு அதற்கும் அழுகை வந்தது.

அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். தம்பி திரும்பி வந்த அன்றுதான், விமான நிலைய வாசலில், "அவன் பெட்டிய வாங்கு, கால்ல பாரம் ஏறப் போவுது" என்று முதல் வார்த்தை பேசினாள். பேசியது எனக்குப் போதுமாக இருந்தது.

தம்பி சில நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிழிந்து தொங்கிய ஃபிளெக்ஸைத் தானே போய் அவிழ்த்துச் சுருட்டிக் கடை அண்ணனிடம் கொடுத்தான். "அடுத்த தபா இன்னும் பெருசா அடிக்கிறோம் மாமே" என்று அவர் சொன்னபோது கொஞ்சம் சிரித்தான். பிறகு ஒரு காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு ஆவடி மைதானத்துக்குப் போய்விட்டான்.

இப்போது எங்கள் வீட்டில் அவன் காலைப் பற்றி ஒளிவுமறைவு இல்லை. அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவன் காலையில் கொஞ்சம் சோம்பல் முறித்தாலும் அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடுகிறது. நோயாளியின் முழங்காலை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையில் போனை வைத்துக்கொண்டு, "எந்தக் கால்மா?" என்று கேட்கிறேன்.