ஜீப்புக்குப் புது டயர்

அப்பாவின் பழைய ஜீப்புக்கு டயர் பார்க்கத் தம்பி என்னைக் கடைக்குக் கூட்டிப்போனான். புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று லாட்ஜ் நிற்கும் செங்கம் ரோட்டு மூலையில் அன்றிருந்த டயர் கடையில், அப்பா ஒவ்வொன்றாக உருட்டி, ரப்பரில் நகத்தை அழுத்தி, மோந்து பார்த்து, சேற்றுக்குத் தாங்குமா என்று அரைநாள் விசாரிப்பார். கழற்றிய பழைய டயரை வாசலில் செருப்பு தைப்பவரிடம் போட்டு, "வீட்டு பொம்பளைக்கு ஒரு ஜோடி அறுத்துக் குடுப்பா" என்பார், கால் அளவுகூடச் சொல்லாமல். குதிகால் வெளியே தொங்க அம்மா அதை மாட்டிக்கொண்டு வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குக் கஞ்சி சுமந்து நடப்பாள். ஜீப் அவள்மேல் புழுதி இறைத்துத் தாண்டிப்போகும்.

"எது போடலாம்கா? அப்பா ஞாபகமா இருக்கட்டும்."

"அம்மாவ ஒருநாளாவது அதுல ஏத்தினாராடா?"

தம்பி அடுத்த டயரில் நகத்தை அழுத்தி, மோந்து பார்த்தான்.