உருக்கெண்ணெய்த் தலையும் அத்தையின் தொப்பியும்

என் தம்பியைப் போன்ற தைரியசாலி மட்டாஞ்சேரியிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கோயில் உற்சவத்தின் வெடிக்கெட்டு என்ற வாணவேடிக்கையில் எங்கள் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். பிறந்து நாலு மாதமே ஆன அவனோ தொட்டிலில் விரலைச் சூப்பியபடி அசையாமல் கிடந்தான். இதை நான் பெருமையடித்துக்கொள்ளும்போதெல்லாம் அம்மா, "போதும், நிறுத்துடி" என்பாள். கண் பட்டுவிடும் என்று பயம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் அடிக்கடி தொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவாள். அது அவர்கள் இருவருக்குள் ஏதோ விளையாட்டு.

அப்படிப்பட்ட வீரனுக்குத் தொப்பி சூட்ட அத்தை வருகிறாள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை பெங்களூரில் குழந்தைகளின் மூளையை ஆராய்கிறவள். பேச்சு வருவதற்கு முன்பே அவர்கள் பேச்சை எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மலையாளமும் கேட்டு வளரும் எங்கள் தெருக் குழந்தைகள் அவளுக்கு வேண்டியிருந்தார்கள். ஆனால் மூளையில் ஓடும் மின் அலைகளைத் திரையில் காட்டும் கம்பி வைத்த தொப்பி என்றதும் ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. முதலில் எங்கள் வீட்டில் வைத்துக் காட்டினால் யோசிக்கலாம் என்றார்கள். தம்பி வீரிட்டு அழுதால் அத்தை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எறணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்கினாள் அத்தை. தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "குஞ்ஞினு ஷாக் அடிக்குமோ?" என்று குழந்தைக்காகக் கவலைப்பட்டாள் பக்கத்து வீட்டுச் சேச்சி. அத்தை சிரித்துக்கொண்டே தம்பியின் தலையில் கை வைத்தாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"மன்னி! என்ன இது, எண்ணெய் வழியறதே!"

"நேத்திக்குத்தான் காய்ச்சினேன். நீ வரேன்னு நன்னா ஊற வெச்சேன்" என்றாள் அம்மா பெருமையாக.

தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் அது. எண்ணெய் வைக்காத தலையோடு குழந்தையை விருந்தாளி முன் காட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமே இல்லை. அத்தையின் தொப்பியிலிருந்த சின்னச் சின்னப் பொத்தான்களோ எண்ணெய்த் தலையில் ஒட்டவே ஒட்டாதாம். அத்தை முகம் வாடிவிட்டது.

ஷாக் பற்றி அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்த பெண்கள் எண்ணெய் என்றதும் உள்ளே வந்துவிட்டார்கள். எண்ணெயை எடுப்பதில் ஆளுக்கு ஒரு வித்தை இருந்தது. ஒருத்தி பயற்றமாவு கொண்டுவந்தாள். இன்னொருத்தி செம்பருத்தி இலையைக் கசக்கி, தலைக்குத் தேய்க்கும் வழவழப்பான தாளி செய்தாள். சேச்சியே கால்களை நீட்டி உட்கார்ந்து, தம்பியை அவற்றின் மேல் கிடத்தித் தேய்த்துவிட்டாள். அத்தை வெந்நீர் தூக்கினாள்.

தொப்பியை மாட்டியபோது தம்பி கத்திய கத்தலில் திரையில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின. நான் குனிந்து, முகத்தைக் கோணலாக்கி "அப்பூ!" என்றேன். சட்டென்று அழுகை நின்றது.

"நீயே கூப்பிடு. ஆனா பின்னாடி நின்னுண்டு கூப்பிடு, மூஞ்சி தெரியப்படாது" என்றாள் அத்தை. ஒரு தடவை கூப்பிட்டால் ஒன்றும் தெரியாதாம். நிறையத் தடவை கூப்பிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியுமாம். நான் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அவள் ஒரு விசையை அழுத்தினாள். எனக்குத் தொண்டை வறண்டது. சேச்சி சீரகத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும், "அப்பூ! அப்பூ!"

கடைசியில் திரையில் ஒற்றைக் கோடு வந்தது. தட்டையாக ஓடி, திடீரென்று ஒரு மேடாக எழும்பி இறங்கியது. இத்தனை படித்த அத்தை நாற்காலியை விட்டுத் துள்ளினாள்.

"மன்னி, பாருங்கோ! கேக்கறான்! நன்னாக் கேக்கறான்!"

கேட்காமல் என்ன? நான்தான் தொண்டை கிழியக் கத்தினேனே! இதில் துள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு வியப்பு. அம்மாவோ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னொரு தரம் கூப்பிடுடி, இன்னொரு தரம்" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. பயற்றமாவு கண்ணில் பட்டுவிட்டது போலும். என் குரலுக்கு இவ்வளவு மவுசா என்று நானும் ஆனந்தமாகக் கூப்பிட்டேன்.

மறுநாள் தெருவில் ஒரு குழந்தை தலையிலும் எண்ணெய் இல்லை. அத்தையின் பெரிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போவது, தாயின் மடியிலேயே குழந்தையை வைத்துக்கொள்வது, பெட்டியிலிருந்து வரும் ஒலிக்குப் பதில் அந்த வீட்டுக் குரலையே கேட்க வைப்பது என்ற அவள் வழியில்தான் இன்று பலரும் குழந்தை மூளையின் வளர்ச்சியைப் படிக்கிறார்கள். அவள் உரைகளில் முதலில் காட்டுவது என் குரலுக்கு எழுந்த அந்த மேட்டைத்தான். தம்பி இப்போது காக்கநாட்டில் வேலை பார்க்கிறான். போனில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

தொப்பி மாட்டிய அன்று மாலை பயந்துகொண்டேதான் அம்மாவிடம் கேட்டேன், வெடிச் சத்தத்தில்கூட அவன் அசையாத கதையை இனிமேல் யாரிடமாவது சொல்லலாமா என்று.

"சொல்லுடி! ஊர் முழுக்கப் போய்ச் சொல்லு!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரே நாளில் அவளுக்கு எப்படிப் போயிற்று என்று எனக்குப் புரியவே இல்லை.