மண்டிக்குப் போன நாலு மூட்டை

அன்றைக்கு லோடு வண்டியில் இருந்தவர்கள் நாலே பேர். ஓட்டியவர், அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர், பின்னால் மூட்டைகளோடு நானும் என் நாத்தனாரும். ஊரில் கேட்டால் இன்னும் சிலர் தாங்களும் கூட வந்ததாகச் சொல்வார்கள். வரவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் இருந்தவர்களை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

வண்டியில் இருந்தது நாலு மூட்டை உளுந்து. காவாந்தண்டலத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், நெல் அறுத்த பிறகு அந்த ஈரத்திலேயே விதைத்தது. நாங்கள் இரண்டு பேரும், புருஷனை இழந்த நாத்தனாரும் சேர்ந்து பாடுபட்டோம். குத்தகை இருபதாயிரம். ஆடி முடிவதற்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். கேட்டுக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்களிடம் விற்பதற்கு இந்த நாலு மூட்டையைத் தவிர ஒன்றும் இல்லை.

பங்குனியில் செடியைப் பிடுங்கி அடித்தபோதே ஒரு வியாபாரி களத்துக்கு வந்து கிலோ அறுபத்திரண்டுக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றேன்.

"ஆடில எழுபது போவும். இன்னாத்துக்கு அவுசரம்?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு எதைக் கண்டாலும் பயம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் சொல்வதில் எது பயம், எது யோசனை என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

உளுந்தை அமாவாசை வெயிலில் காயவைத்து அன்றைக்கே மூட்டை கட்டினால் வண்டு வராது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாத்தனார் அதில் ரொம்பக் கண்டிப்பு. அந்த அமாவாசையன்று பார்த்து மதியத்துக்கு மேல் கோடை மழை பிடித்துக்கொண்டது. பாதி காய்ந்ததை வாரிக் கட்டி உள்ளே போட்டோம். மறுநாள் சுள்ளென்று வெயில். பிரித்துக் கொட்டலாம் அண்ணி என்று நாத்தனாரிடம் சொன்னேன்.

"நாளு தப்பிக் காய வெச்சா வண்டுக்கு வெத்தல பாக்கு வெச்ச மாதிரி. அடுத்த அமாவாசைக்குக் கொட்டிக்கலாம் மே."

"அதுக்கு ஒரு மாசம் கீதே அண்ணி."

"கீட்டுமே. உளுந்து உன்ன வுட்டுட்டு எங்கனா ஓடிப்பூடுமா?"

ஓடவில்லை. நான்தான் தினமும் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைவரை உள்ளே போனால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சில நாளில் வெதுவெதுப்பாகத் தெரிந்தது, காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவரும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அது உன் கை சூடு," என்று போய்விட்டார்.

அடுத்த அமாவாசைக்குப் பிரித்தபோது சாக்கின் மேலேயே வண்டு நடந்தது. காயவைத்தோம், புடைத்தோம், வேப்பிலை போட்டுக் கட்டினோம். வெளியில் தெரிந்த வண்டு போயிற்று. பயறுக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது போகவில்லை. நாத்தனார் அன்றைக்கு எனக்குச் சோறு வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டாள்.

ஆடியில் விலை எழுபதுக்கு வந்தது. அதில் வீட்டுக்காரர் சொன்னது தப்பில்லை.

வண்டியில் ஏற்றும்போதே மேல் மூட்டையில் எலி கடித்த ஓட்டையைப் பார்த்துவிட்டேன். வைக்கோல் வைத்து அடைத்தால் ஆட்டத்தில் பிதுங்கி வந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியும் எடுக்கவில்லை. கை மரத்துப்போயிற்று.

எதிரில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு. "இன்னா மே, கொயந்தைக்குக் காது குத்துன எடத்த அமுக்கிக்கினு கீற மாதிரி குந்திக்கினு கீற?"

"கொட்டிப்பூடும் அண்ணி."

"கொட்னா ஒரு புடி கொட்டும். கைய எடு."

எடுக்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உத்திரமேரூருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறது என்று நினைத்தோம். பஸ் ஒட்டி வந்ததும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "யக்கா! ரோடு பூரா உளுந்து வெதச்சிக்கினு போறியே, தண்ணி யாரு பாய்ச்சறது?"

கீழ் மூட்டை பழைய யூரியா பை. வண்டியின் பின்கதவுக் கொக்கியில் உரசி உரசிக் கிழிந்திருந்தது. நான் மேலே ஒரு பிடியைக் காத்துக்கொண்டிருந்தபோது கீழே, வண்டி குதிக்கும் இடமெல்லாம் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இறங்கிப் பார்த்தால் தார் ரோட்டில் கறுப்புக் கோடு. கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா அதற்குள் துடைப்பமும் முறமுமாக வந்து கூட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஓடினாள்.

"அது எங்க உளுந்து!"

"மேல பேரு எய்தி கீதா? ரோட்ல வுயுந்தா ரோட்டு மேல கீறவங்கள்து."

"நானுந்தான் ரோட்டு மேல நிக்கறேன். அப்ப பாதி எனுக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு கூட்டியதையும் கொடுத்து, முறத்தையும் கொடுத்தார். டிரைவர் வேறு லோடு இருக்கிறது என்று முனகிக்கொண்டே நின்றார். பஸ் டயர் ஏறியது போக, ஜல்லியும் மண்ணுமாக ஒரு சின்னப் பை தேறியது.

மண்டிக்காரர் ஒரு கை அள்ளி வெள்ளைத்தாளில் பரப்பினார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாமா, உளுந்து கொண்டாந்தியா, புல்லாங்கொயல் கொண்டாந்தியா? எல்லாத்துலயும் ஓட்ட."

எழுபது என்பது நல்ல உளுந்துக்கு. இதற்கு ஐம்பத்தெட்டுதான் என்றார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். திருப்பி எடுத்துப்போனால் இன்னும் தின்னும் என்று மண்டிக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பங்குனியில் வீட்டில் நிறுத்தபோது முந்நூற்று இருபது கிலோ. அங்கே இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வண்டு தின்றது எவ்வளவு, ரோட்டில் போனது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சாக்குக்கும் கழிவுக்கும் மூட்டைக்கு இரண்டு கிலோ பிடித்தார்கள். வண்டி வாடகை ஐந்நூறு, இறக்குகூலி எழுபத்திரண்டு. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் பயப்படுகிறவர்களுக்குக் கணக்கு சீக்கிரம் வந்துவிடும். மண்டிக்காரர் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது: கையில் நிற்பது பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். ஜல்லிப் பையை அவர் தொடவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். "தே, களத்துலியே குடுத்திருந்தா எவ்ளோ வந்திருக்கும்?"

பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது. மண்டியிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.

"தெரியல," என்றேன்.

"உனுக்கா தெரியாது?" என்றார். 

அன்று சாயங்காலமே நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் பணத்தை இரண்டு முறை எண்ணினார். "மீதி இன்னாபா?" என்று கேட்டார். ஆவணிக்குள் கொடுத்துவிடுகிறோம் என்றார் வீட்டுக்காரர். "பாப்போம்," என்றார் அவர். எதைப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. பணத்தையா, நிலத்தையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜல்லிப் பையைப் புடைத்துப் பொறுக்கி நாத்தனார் ஊறப்போட்டாள். தோசை நன்றாகத்தான் வந்தது, அங்கங்கே பல்லில் நெறநெறத்தது. இனிமேல் வெயில் அடிக்கிற நாளெல்லாம் அமாவாசைதான் என்று அவளாகவே சொன்னாள். அதற்கு அடுத்த போகம் இருக்கவேண்டும்.

நிலத்து மோட்டார் கொட்டகையின் சாவி எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. யார் குத்தகைக்காரரோ அவர் வீட்டில்தான் அது இருக்கும். வேறு ஆளுக்கு நிலத்தை விடுவதானால் முதலில் அதைத்தான் கேட்டு வருவார்கள். வாசலில் பைக் நின்றால் நான் ஆணியைப் பார்க்கிறேன். ஆவணி பிறந்துவிட்டது. சாவி இன்னும் இருக்கிறது. பாக்கி நாலாயிரத்து நூறு ரூபாய்.