அக்காவின் வயலுக்கு நான் சொன்ன பதில்

வல்லரசுகள் நாடு பிடித்ததற்கான காரணங்களை நேற்று நீங்கள் இருவரும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தீர்கள். வாசனைச் சரக்கு, வியாபாரம், மதம், படைபலம் என்று புத்தகத்தில் இலக்கமிட்டுப் போட்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதைத் திருத்துகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஆனால் நாடு பிடிக்கிற ஒருவரை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தன. அவருக்கு அன்று உதவி செய்தவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இங்கிலாந்துக்காரர் இந்த நாட்டைப் பிடித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யப்பானுக்கும் அதே ஆசை வந்துவிட்டது. றப்பரும் எண்ணெயும் தேடி அவர்கள் மலாயாவைப் பிடித்தார்கள், சிங்கப்பூரைப் பிடித்தார்கள். அடுத்தது இலங்கைதான் என்று ஊரெல்லாம் பேச்சு. யப்பான்காரரைத் தடுக்க விமானங்கள் வேண்டும். விமானம் இறங்கத் தட்டையான இடம் வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வட்டை தட்டையாகக் கிடந்தது. அந்த வயல்வெளி தானாகத் தட்டையாகவில்லை. எத்தனையோ தலைமுறை காடு வெட்டி, மேடு கொத்தி, வரம்பு கட்டித் தட்டையாக்கியது. அந்தப் பாடே எங்களுக்கு வினையாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குப் போகிறவை என்பது உங்களுக்குத் தெரியும். இன்றுவரை கலியாணம் முடிக்காமல் நம்மோடு இருக்கிற உங்கள் மாமிக்கு, அதாவது என் அக்காவுக்கு, அந்த மாதந்தான் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வெற்றிலை வைத்து, வட்டையில் எங்களுக்கு இருந்த மூன்று ஏக்கரையும் அக்காவுக்கு என்று அப்பா வாய்ச்சொல்லால் கொடுத்தார். காணி உறுதிப் பத்திரத்தை அறுவடைக்குப் பிறகு எழுதலாம் என்றிருந்தார்கள். ஆனால் அப்படிக் கொடுத்த நாளிலிருந்து அப்பா அதைத் தன் வயல் என்று சொன்னதே இல்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "புள்ளட வயலுக்குப் போயிற்று வாறன்" என்பார். கொடுத்த காணியை வாய்தவறியும் தன்னுடையது என்று சொல்லுகிற தகப்பனை எங்கள் ஊர் மதிக்காது.

கதிர் முற்றி மஞ்சளித்திருந்த ஒரு காலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவரும், அளவைச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களும் தோணியில் வந்து இறங்கினார்கள். வாய்க்கால் சேற்றில் புதைந்த சப்பாத்துக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துத் துரை நடந்தார். கதிர் வெட்டுக்கு வந்திருந்த ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நாரைக்குச் சப்பாத்து மாட்டினாப்போல இரிக்கு" என்றார் ஒருவர்.

"மெல்லச் சொல்லு. நாரை இடுப்புல துவக்கும் வெச்சிரிக்கு" என்றார் மற்றவர்.

மொழிபெயர்க்க வரவேண்டிய ஆள் காய்ச்சலில் கிடந்தாராம். சங்கிலிக்காரருக்கோ சிங்களம் மட்டுந்தான் தெரியும். துரை இங்கிலீசில் கேட்டார், பிறகு இன்னும் உரக்கக் கேட்டார். உரக்கக் கேட்டால் விளங்கிவிடும் என்று நினைத்தார் போலும். அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மனே, இங்க வா. துரை என்ன கேக்காரு எண்டு பாரு."

நான் மிசன் பள்ளிக்கூடத்தில் பசுவுக்கு நான்கு கால் என்கிற அளவுக்கு இங்கிலீசு படித்திருந்தேன். துரை குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, இது உன் தகப்பனுடைய காணியா என்று கேட்டார். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்தவை! அந்தச் சந்தோசத்தில் அப்பாவிடம் சொன்னேன்.

"என்ட இல்ல எண்டு சொல்லு மனே. மகளுக்குச் சீதனமாக் குடுத்தாச்சி. அவளுக்குக் கலியாணம் வருது, வெட்டு முடியுமட்டும் பொறுக்கச் சொல்லு."

"நொட் மை ஃபாதர்ஸ் லாண்ட், சேர்" என்றேன்.

சீதனத்துக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. நான் யோசித்து நிற்பதற்குள் துரை கொப்பியில் எழுதினார். "குட் போய்" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டு அடுத்த வரம்புக்குப் போய்விட்டார். ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நம்மட பொடியன் துரையோட கதைச்சிற்றான்டா!" என்று ஒருவர் என்னைத் தூக்கினார்.

"முழுக்கச் சொன்னயா மனே?" என்று அப்பா கேட்டார்.

அந்த உயரத்தில் இருந்துகொண்டு, "ஓம்" என்றேன்.

அவர்கள் அறுவடைக்குப் பொறுக்கவில்லை. சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்தார்கள். சில நாட்களில் இரும்பு இயந்திரங்கள் வந்து, வெட்ட நின்ற கதிரை வரம்போடு சேர்த்து மண்ணுக்குள் நெரித்தன. அதே காலத்தில் யப்பான் பர்மாவையும் பிடித்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தந்த அரிசிக்கு எங்கள் ஊர் வேளாண்மைக்காரர் வரிசையில் நின்றார்கள். ஒரு பிடி நெல்லுக்குக்கூட யாரையும் கேட்டு நின்றறியாதவர்கள், பிள்ளைகளே.

வயல் இழந்தவர்களுக்கு வேறிடத்தில் மாற்றுக் காணி கொடுக்கிறார்கள் என்று பிறகு ஒரு செய்தி வந்தது. சிலருக்குக் கிடைத்தும்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் நல்லவர்கள்தான். "காணி ஒண்டு கிடைக்கட்டும், ஆவணி வரைக்கும் பொறுக்கிறம்" என்றார்கள். அப்பா வெளுத்த சால்வையைத் தோளில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பட்டினத்து அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அது பழைய கோட்டைக்குள் இருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் மேசை போட்ட கோட்டை.

தமிழ்க் கிளாக்கர் ஒருவர் காகிதக் கட்டைப் புரட்டினார். "உங்கட பேர் இதில இல்லையே பெரியவர். வயலில நிண்டவரே தன்ட காணி இல்ல எண்டு சொன்னதாத் துரை எழுதியிரிக்காரு. அப்ப அது முடிக்குரிய காணி, அரசாங்கத்தின்ட. அதுக்கு மாற்றுக் காணி இல்ல."

"ஓம், சொன்னன். மகளிட காணி எண்டும் சொன்னன்."

"மகளப் பத்தி ஒண்டும் இல்ல. ஆர் இங்கிலீசில சொன்னது?"

அப்பா என்னைக் காட்டினார். கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்தக் குஞ்சா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொடியன் பிழையாச் சொல்லிப்போட்டான் எண்டு ஒரு பெட்டிசம் எழுதுங்க. நான் மேல அனுப்புறன். திரும்ப விசாரிப்பாங்க."

"துரை விட்ட பிழையா இரிக்கலாம்தானே?"

"துரை பிழை விட்டாரு எண்டு எழுதின பெட்டிசத்த ஆரும் வாசிக்கமாட்டாங்க பெரியவர்."

அப்பா என் பக்கம் திரும்பினார். வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் சொன்னத முழுக்கச் சொன்னதானே மனே?"

"ஓம் அப்பா."

அவர் என் தலையில் கை வைத்தார். "இவன் மிசன் பள்ளிக்கூடத்துல படிக்கிறவன் ஐயா. பிழை விடாத புள்ள பிழை விட்டான் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வெக்கிறது?"

கிளாக்கர் காகிதக் கட்டை மறுபடி கட்டிவைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசல் படலையில் நின்றாள். "என்னவாம் அப்பா?" என்றாள். அப்பா சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என்ட இங்கிலீசில பிழை இல்ல எண்டு அப்பா கந்தோரில எல்லாருக்கும் முன்னால சொல்லிற்றாரு அக்கா!"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கலைந்திருந்த என் தலைமயிரை விரலால் வாரிவிட்டாள். காணியைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. அதனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.