ஒரு நாள் சாப்பிடலாம்

சியோலில் யாராவது "ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்" என்றால், "சரி, போய்ட்டு வாங்க" என்று அர்த்தம். சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார், ஒருவருக்கும் வருத்தமில்லை. மங்கோலியாவிலிருந்து படிக்க வந்த ஒயுன்கெரெலுக்குத்தான், சுருக்கமாக ஒயுனாவுக்கு, யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

வந்த முதல் வாரமே, கூடப் படிக்கும் ஹேரின் வகுப்பு வாசலில் வைத்து அதைச் சொன்னாள். "ஒயுனாக்கா, நாம ஒரு நாள் சேர்ந்து சாப்பிடணும், என்ன!"

ஒயுனா அந்தச் சனிக்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் ஊரில் வழிப்போக்கன் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாலே கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிடுவார்கள். வாயால் கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாத ஜென்மமும் உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரமும் காத்திருந்தாள், பாவம்.

பிறகு தனியாகவே ஊர்சுற்றப் பழகினாள். நகரத்தை வட்டமடிக்கும் ரயிலில், சூடேற்றிய இருக்கையில் உட்கார்ந்து, ஏறின நிலையத்திலேயே வந்து இறங்குவாள். ஆற்றங்கரைக்குப் போனால் விரிப்பு போட்டுப் பொரித்த கோழியோடு உட்கார்ந்திருப்பதெல்லாம் ஜோடி ஜோடி. தனக்காகவும் அங்கே யாரோ காத்திருப்பது மாதிரி வேகவேகமாக நடந்து அவர்களைக் கடந்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாடு, கடைக் கண்ணாடியைப் பார்த்து நின்றபடி கப் நூடுல்ஸ்.

சந்து முனையில் பன்றி இறைச்சி சுட்டுத் தின்னும் கடை ஒன்று இருந்தது. அந்த வாசனைக்கு ஒரு நாள் துணிந்து உள்ளே போய்விட்டாள்.

"எத்தனை பேரு?" என்றாள் கடைக்காரி.

"ஒருத்திதான், சித்தி."

"ரெண்டு பேருக்குக் குறைஞ்சா இங்க அடுப்பு பத்த வைக்கிறதில்லம்மா. யாரையாச்சும் கூட்டிட்டு வா."

யாரைக் கூட்டிக்கொண்டு போவது? ரயிலையா?

இத்தனைக்கும் மேல் அம்மா வேறு. சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று, வீடியோவில் வந்ததும் முதல் கேள்வி, "யாரோட சாப்பிட்டே?" தனியாக என்று சொன்னால் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள். "ஹேரினோட" என்று ஒரு நாள் வாய் தவறி வந்த பெயர் நிலைத்துவிட்டது. ஹேரின் கோழி வாங்கித் தந்தாள், ஹேரின் இறைச்சி சுட்டுத் தந்தாள். ஒரு வருஷமாக ஹேரின் ஒயுனாவுக்குச் சோறு போட்டாள், தனக்கே தெரியாமல்.

அம்மா சும்மா இருப்பாளா? சியோலுக்கு வந்த பக்கத்துக் கூடாரத்துக்காரியிடம் ஒரு மூட்டை காய்ந்த தயிர்க்கட்டி கொடுத்தனுப்பினாள். அது கைக்கு வந்த அன்றே ஒயுனாவிடம் போனில் சொல்லிவிட்டாள்: "இது உனக்கில்லடி. என் பொண்ணுக்குச் சோறு போடுற புண்ணியவதிக்கு. நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன், அவ மூஞ்சிய எனக்குக் காட்டு."

ஒயுனா மறுநாள் வகுப்பு முடிந்ததும் மூட்டையை ஹேரின் கையில் திணித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

ஹேரினுக்குக் காது சிவந்துவிட்டது. "நானா? உனக்கு ஒரு காபிகூட வாங்கித் தந்ததில்லையே அக்கா!"

"தெரியும்."

"சரி, நேத்து என்ன சாப்பிட்டோம்?"

"பன்றி இறைச்சி. நீதான் நிறைய தின்னே."

ஹேரின் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். "கெளம்பு, போலாம்."

"எத்தனை பேரு?" என்று கடைக்காரி கேட்டு முடிப்பதற்குள், "ரெண்டு பேரு சித்தி!" என்று ஒயுனா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது.

முதல் துண்டு வேகவில்லை, அம்மா போனில் வந்துவிட்டாள். ஹேரினை உற்றுப் பார்த்தாள். "ஐயோ, எவ்ளோ மெலிஞ்சு கெடக்கா! இருந்ததையெல்லாம் உனக்கே போட்டுட்டா போல. நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லுடி."

ஒயுனா அதைக் கொரிய மொழியில் சொன்னாள். ஹேரின் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து, "கண்டிப்பாம்மா, ஒரு நாள் வர்றேன்!" என்றாள்.

ஒயுனா அதை அம்மாவுக்குப் புரியும்படி சொன்னதும், "எந்த நாள்?" என்றாள் அம்மா.

ஒரு வருஷமாக ஒயுனாவின் தொண்டையில் கிடந்த கேள்வி. அதை நிறுத்தி நிதானமாக ஹேரினிடம் கேட்டாள். இடுக்கியைப் பிடித்தபடி ஹேரின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இறைச்சி கருகியது.

"நெஜமாவா கேக்குறாங்க?"

"எந்த ஆட்டை அறுக்கலாம்னு திரும்பிப் பாத்துட்டிருக்காங்க, பாரு."

ஹேரின் போனைப் பார்த்தாள், ஒயுனாவைப் பார்த்தாள், கருகிய துண்டைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டாள்.

"ஜூலைல லீவு. ஜூலைன்னு சொல்லுக்கா," என்றாள். "அதுவரைக்கும் ஆட்டை விட்டு வைக்கச் சொல்லு."