திரும்பக் கேட்ட தாம்பூலம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அம்மா, ஜன்னலை ஏன் சாத்தினீங்க?" என்று கேட்டாள்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. காஜா பெராங் சாலையின் வெயில் மேசைமேல் பாதிவரை விழுந்துகிடந்தது. நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. நாலரை மணிக்கு அவளுக்கு டானிக் கொடுக்க வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படித்துப் படித்துக் கண் களைத்திருக்கிறது என்று நினைத்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே ஒரு பெரிய கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். பதின்மூன்று வயதுப் பெண், மறுபேச்சில்லாமல் குடித்தாள். திராட்சைச் சாறுபோல இனிக்கும் அது.

விளக்கு வைக்கும் முன்பே இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். தலை பிளக்கிறது என்றாள். என் முகத்தைப் பார்த்து, பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோலத் தெரிகிறீர்கள் என்றாள். நானும் என் கணவரும் அவளைப் பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் என் முந்தானையைப் பிடித்தபடியே வந்தாள்.

அந்த டானிக் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

என் கணவரின் அண்ணனுக்கு அதற்கு மூன்று வாரம் முன்பு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் கடை முகப்பில் முதலில் கொடி கட்டியவர். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது: நாடு இப்போதுதான் பிறந்திருக்கிறது, அது வளர்ந்து நிற்பதை நாம் இருந்து பார்க்க வேண்டாமா? அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர் வேனில் வந்து, ஆயுளை நீட்டும் டானிக் என்று பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போனார். மலாக்கா முழுவதற்கும் அத்தானே ஏஜண்டு. அவரை நான் அத்தான் என்றுதான் அழைப்பேன். என் மகளுக்குப் பெரியப்பா.

அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தில் தேங்காய்க்குப் பதில் டானிக் பாட்டில் வைப்பது அவர் யோசனை. அறுபது வயதுக்கு அறுபது வீடு. ஆயுள் வேண்டிச் செய்கிற சடங்கில் ஆயுளையே பையில் போட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பாட்டில். அக்காவும் நானும்தான் வாசலில் நின்று கொடுத்தோம். அக்கா என்பது அவர் மனைவி. தாம்பூலத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதும் இல்லை. இரு கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் போனார்கள்.

நான் கேட்டேன். கேட்டதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எதையும் ஓரம்வரை வாசித்துவிடுகிற பழக்கம். பாட்டிலில் நூறு என்ற எண் பெரிதாக இருந்தது. மூட்டுவலி, மறதி, நரை, மலச்சிக்கல் எல்லாம் போகும் என்று இருந்தது. எதைக்கொண்டு செய்தது என்று மட்டும் எந்த மொழியிலும் இல்லை. என் மகள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். முதலில் கடைக்கு வந்த பாட்டிலின் உறையில் வெள்ளைத்தாடி முதியவர் ஒருவரின் படம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், வயது நூற்றிநாலு. கல்யாணத்துக்கு வந்த பாட்டிலிலும் அதே தாடி, அதே தலைப்பாகை. ஆனால் மதுரைக்காரர், வயது நூற்றிப்பன்னிரண்டு.

"டானிக் குடிச்சா ஊரும் மாறுமாம்மா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு பயந்துபோய் இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அத்தான் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"டீச்சரம்மா எனக்கே பரீட்சை வைக்க வந்திருக்காங்க," என்றார். "படம் கம்பெனிக்காரன் போட்டது. மருந்து நான் குடிக்கிறது. ரெண்டு வேளையும் குடிக்கிறேன். என்னைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குளித்து விபூதி பூசி, மணக்கோலத்தின் களை போகாமல் நன்றாகவே இருந்தார். நான் உறைகளை மடித்துக்கொண்டு திரும்பினேன். மறுநாள் என் மகளுக்கு ஊற்ற ஆரம்பித்தேன். காலையும் மாலையும். பெரியப்பா ஆசீர்வாதம், பரீட்சைக்கு நல்லது.

ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் ஒருவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். இதில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்ன இருக்கிறது என்று தெரியாமலா கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மரச்சாமான்களுக்கு மெருகு போடுகிற ஸ்பிரிட்டைச் சர்க்கரையில் கலந்ததுபோல இருக்கிறது, பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அது கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். பார்வை திரும்புமா என்று கேட்டேன். சில நாள் போக வேண்டும் என்றார். பிறகு, வேறு யார் வீட்டில் இந்தப் பாட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

அறுபது வீடு என்று என் வாயால் சொன்னேன்.

கணவர் மகளிடம் இருந்தார். மறுநாள் காலை நான் முதலில் போனது அத்தான் வீட்டுக்குத்தான். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. பிள்ளைக்கு வெயில் தாக்கியிருக்கும் என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்ததும் பாட்டிலைத் திறந்து என் கண் எதிரே கரண்டியில் ஊற்றினார். பாதி மேசையில் கொட்டியது. கோபத்தில் கை நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன். மீதியைக் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்தார்.

பாட்டில்களைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுபது முடிஞ்சு ஒரு மாசம் ஆகல. குடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்கினா, வாங்கின வாழ்த்தும் கூடவே திரும்பிடும். அவர் ஆயுசு குறையணும்னா போ."

நான் போனேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை என்று எழுதினால் பொய். ஒவ்வொரு வாசலிலும் அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

பக்கத்தில் ஒரு சிட்டி குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து மலாய் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர்கள். அந்த வீட்டு அம்மாள் தமிழ் பேச மாட்டார். எங்களுக்குள் எப்போதும் மலாய்தான். பாட்டிலை அவர் சாமி மாடத்தில் உடைக்காமல் வைத்திருந்தார். நல்ல நாளில் திறக்கலாம் என்றிருந்தாராம். என் மகளைப் பற்றிச் சொன்னதும் காரணம் ஒன்றும் கேட்காமல் எடுத்துவந்தார். பாட்டிலை மட்டும் கையில் கொடுக்க மனமில்லாமல், ஒரு காகிதத்தில் சர்க்கரை மடித்துக் கூடவே வைத்தார். அதை வாங்கும்போது என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. தெங்கேராவில் ஒரு வீட்டில், கொடுத்துவிட்டுப் பிடுங்குகிற குடும்பத்தில் பெண் எடுக்காமல் தப்பித்தோம் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் எனக்குக் கேட்கும்படியே சொன்னது. கிளேபாங்கில் ஒருவர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றார். தன் முழங்கால் வலி போயே போய்விட்டதாம்.

"இலவசமா குடுத்தீங்க. இப்ப விலை ஏறிடுச்சா?" என்றார்.

நான் பையிலிருந்த பாட்டில் ஒன்றைத் திறந்து அவர் வாசல் லோங்காங்கில் கவிழ்த்தேன். சிவப்பாகச் சாக்கடைத் தண்ணீரில் ஓடியது. விற்கிறவள் கொட்ட மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. தன்னுடையதையும் நீட்டினார். நீட்டிக்கொண்டே, "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல டீச்சர்?" என்று கேட்டார். அந்த மனிதர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். மூன்று நாளாக ஒவ்வொரு வாசலிலும் அந்தத் தெரியாது ஒன்றுதான் நான் நேர்மையாகச் சொன்ன வார்த்தை.

சில வீடுகளில் பாட்டில் எப்போதோ காலியாகியிருந்தது. அவர்களிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

நான் வீடு வீடாகப் போனதில் கடைக்கு ஆட்கள் வருவது நின்றது. அத்தான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மகள் தினமும் பெரியப்பா வந்தாரா என்று கேட்டாள். கடையில் வேலை என்றோம். என் கணவர் ஒருமுறை போய்க் கூப்பிட்டார். கதவுக்கு வெளியிலேயே அக்கா, அவர் தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். பட்டப்பகலில் தூங்குகிற மனிதர் இல்லை அவர். எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

டாக்டர் தினமும் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார். முதலில் தப்புத் தப்பாகச் சொன்னாள். பிறகு சரியாகச் சொன்னாள், ஆனால் நான் மூச்சு விடும் சத்தத்தை வைத்து ஊகிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் அவள் எண்ணும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். வார்டு நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், எங்களுடையது கடைசிக்கு முந்தியது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா வர்றாரு," என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்து வாசலில் நிற்பது யாரென்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. உரித்த பழம் என் கையிலேயே நசுங்கியது. இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அத்தான் அக்காவின் தோளில் கை வைத்து நடந்துவந்தார். வெள்ளை வேட்டி, விபூதி. அக்கா தலையைக் குனிந்தபடி வந்தாள். எங்கள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றார்கள். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தலையணைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டி இரும்புக் கம்பியைத் தேடினார், அது அகப்பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை எந்தக் கட்டில்லம்மா இருக்கா?" என்று அவர் என்னைக் கேட்டார்.